முதலில் கோல், அப்புறம் கண்: விழுந்தவர் எழுவதற்கு வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலை போயிருக்கலாம். கடையை மூடியிருக்கலாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போயிருக்கலாம். கட்டிக்கொண்டவர் விட்டுப் போயிருக்கலாம். எதுவானாலும், வாழ்க்கையில் முதல் முறையாகப் பலமாக விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல முறை விழுந்து எழுந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வியாசர்பாடியில் என் ஜெராக்ஸ் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், அரைப்பரீட்சை நேரம் என்று வாங்கி அடுக்கிய பேப்பர் பண்டல்கள் எல்லாம் போயின. ஒரு மெஷினுக்கு இன்னும் 14 மாதத் தவணை பாக்கி. வந்து பார்த்த எல்லாரும் "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் திடம் எங்கிருந்தாவது வரும் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் காத்திருந்தேன், வரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தது திருவொற்றியூர்க் கதை. சுந்தரர் இங்கே சங்கிலி நாச்சியாரை மணந்தார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது சத்தியம் மீறியதைத்தான் அழுத்திச் சொல்வாள். என் மனதில் நின்றது அதற்கு அடுத்த பகுதி. கண் போனவருக்கு உடனே கண் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைய பூண்டிப் பக்கம் உள்ள திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் சண்டை போட்டு முறையிட்டார், ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. அதை ஊன்றிக் காஞ்சிபுரம் போனார், இடக்கண் கிடைத்தது. அப்புறமும் நடந்து திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வலக்கண்.

முதலில் கோல்தான். மனத்திடம் வந்த பிறகு எழுந்து நடப்போம் என்றால் நடக்கவே மாட்டோம். கையில் ஏதாவது ஒரு கோலை ஊன்றி நடக்க நடக்கத்தான் மனம் திரும்புகிறது.

மனநல ஆராய்ச்சியும் இதே பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் தொடர்ந்து மின் அதிர்ச்சி வாங்கும் உயிர், பிறகு வழி திறந்திருந்தாலும் அப்படியே கிடந்துவிடுகிறது என்று கண்டார்கள். கையாலாகாத்தனத்தை அந்த உயிர் கற்றுக்கொள்கிறது என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை, யாரும் கற்றுக்கொள்வதில்லை. 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தால் நீங்கள் கோழை என்று அர்த்தமில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றை இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கே தொடங்குவது?

1. எட்டு எண்ணும்வரை எழாதீர்கள்

எங்கள் பக்கத்தில் குத்துச்சண்டை பார்க்காமல் வளர்ந்த பையன்கள் குறைவு. வளையத்துக்குள் ஒருவர் அடி வாங்கி விழுந்தால் நடுவர் எண்ணத் தொடங்குவார். விழுந்தவர் இரண்டிலேயே எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணிய பிறகே ஆட்டத்தைத் தொடர விடுவார். புதுப் பையன் வெட்கத்தில் துள்ளி எழுந்து, கால் நிலைக்காமல் அடுத்த குத்தையும் வாங்குவான். பழகியவன் ஒரு முட்டியை ஊன்றி, மூச்சு வாங்கி, எட்டு வரும்போது எழுவான்.

விழுந்த முதல் மூன்று நாளை அந்த எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளில் நகையை விற்காதீர்கள். புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கோபத்தில் யாருக்கும் நீளமான வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸும் வைக்காதீர்கள். ஊரை விட்டுப் போகலாமா, படிப்பை விடலாமா, உறவை முறிக்கலாமா என்ற கேள்விகள் எல்லாம் நான்காம் நாளும் அங்கேயேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது உடம்பைப் பார்த்துக்கொள்வது மட்டும். சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சி, அதுவும் முடியாவிட்டால் தெருமுனை அக்கா கடையில் இரண்டு இட்லி. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது. தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது. ஒரே அறை வீடு என்றால் அலமாரி மேல் வையுங்கள். நெஞ்சு படபடத்தால் மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும்.

குடியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருக்களில் அது பிடுங்கிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் பாதி ராத்திரிக்கு மேல் தூக்கத்தை அதுவே கலைத்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து, இருட்டில் எல்லாக் கவலையும் இரண்டு மடங்காகத் தெரியும். விழுந்த முதல் மாதம் அதன் பக்கமே போகாதீர்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். ஆண்களுக்கும்தான் சொல்கிறேன்.

2. ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களுக்குள் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாகத் தலையெடுத்தது. அந்தப் பிள்ளைகளிடம் இருந்த பொதுவான அம்சங்களில் முக்கியமானது, தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. பெற்றோராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டி, அத்தை, ஒரு வாத்தியார், யாரோ ஒருவர்.

உங்களுக்கும் ஒருவர் போதும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அறிவாளியைத் தேடாதீர்கள், வாய் காக்கிறவரைத் தேடுங்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தை உங்களிடம் வந்து சொல்பவர் உங்கள் விஷயத்தையும் நாளை இன்னொரு திண்ணையில் சொல்வார். குடும்பத்துக்குள்ளேயே அப்படி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பழைய சிநேகிதர், பட்டறை மேஸ்திரி, சர்ச் அல்லது பள்ளிவாசலில் தெரிந்த பெரியவர், மகளிர் குழு அக்கா.

எப்படிக் கேட்பது என்று பலருக்குத் தெரியவில்லை. போன் செய்து இழுத்தால் பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எதிரில் இருப்பவர் பதறுவார். முதலிலேயே அதை அகற்றிவிடுங்கள். நான் பேசியது இப்படி:

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் ஃப்ரீயா இருப்பீங்களா? பணம் கேக்க வரல. மனசு சரியில்ல, பேசணும்."

"கடையாண்ட வாடா. டீ சாப்டுக்கினே பேசலாம்."

அவர் பைண்டிங் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முக்கால் மணி நேரம் நான் பேசினேன். அவர் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. கடைசியில் "காலையில சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஏழு மணிக்கு ஒரு வாளி, இரண்டு துடைப்பத்தோடு என் கடை வாசலில் நின்றார். மூன்று வாரமாக நான் தொடாமல் விட்டிருந்த சேற்றை அன்று மதியத்துக்குள் கழுவி முடித்தோம். எனக்குக் கிடைத்த முதல் கோல் அதுதான்.

உங்களிடம் ஒருவர் இப்படி வந்து பேசினால், "எனக்கு நடந்ததைக் கேளு" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்டு முடித்துவிட்டு, கையால் செய்யக்கூடிய ஒன்றைச் செய்து கொடுங்கள்.

இங்கேயே சொல்ல வேண்டிய ஒன்று

வழக்கமாக இதைக் கட்டுரையின் கடைசியில் போடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை, கடைசி வரை படிக்கத் தெம்பில்லாதவர்களுக்குத்தான் இது அவசரம்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் இருண்டே கிடந்தால், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால், முன்பு பிடித்த எதிலும் ஒட்டவில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோய்க்கு மருத்துவம் வேண்டும், அதைத் தனியாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கப் பார்க்காதீர்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம். அன்றே 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நேரில் போக வேண்டுமென்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு நமக்குப் பக்கம். ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டலாம், பணம் வேண்டாம்.

"கீழ்ப்பாக்கம் கேஸு" என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் அந்தச் சொல் எத்தனை பேரை டாக்டரிடம் போகவிடாமல் செய்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. 200 ஆண்டுக்கு மேலாக மனிதர்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த வசவை நான் என் கடையில் யாரையும் சொல்ல விடுவதில்லை.

3. ஒரு தாள், மூன்று பத்தி

நான்காம் நாள், ஒரு ஏ4 தாளை எடுத்து நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள்.

முதல் பத்தியில் நடந்தது மட்டும். சாட்சி சொல்வதுபோல எழுதுங்கள். 'டிசம்பர் 4, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு மெஷின் போச்சு. தவணை பாக்கி 14.' இரண்டாவது பத்தியில் அதைப் பற்றி உங்கள் மனம் சொல்லிக்கொண்டிருப்பதை எழுதுங்கள். நான் எழுதியது: 'நான் ராசியில்லாதவன். அப்பாவுக்கும் இதே கதிதான், எனக்கும் இதுதான். இனி கடையே வைக்க முடியாது. பொண்டாட்டி பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்கள்.' மூன்றாவது பத்தியில், இந்த வாரத்துக்குள் என் கையால் செய்யக்கூடியது.

இரண்டாவது பத்தியைப் பென்சிலால் சோதியுங்கள். 'எப்போதும்', 'எல்லாமே', 'என்னால்தான்' என்ற தொனி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே கோடு போடுங்கள். அடி வாங்கிய மனம் இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பப் பேசும். என் அப்பா வேலை பார்த்த ஆலை மூடியபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவர் அதன் பிறகு சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்று எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். 'அப்பாவுக்கும் இதே கதி' என்று எழுதிய என் கை, அந்த இரண்டாவது பாதியை எழுதவே இல்லை. கோடு போட்டபோதுதான் அது கண்ணில் பட்டது.

'என்னால்தான்' என்பதில் வடசென்னைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் தாழ்வான இடங்கள். மழைத்தண்ணீர் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றித்தான் கடலுக்குப் போக வேண்டும். கால்வாய்கள் நிரம்பி, புயலில் கடலும் தண்ணீரை வாங்காத நாளில் அது நம் கடைக்குள்தான் நிற்கும். அதில் என் ராசிக்கு என்ன வேலை? அதேபோல, பயோடேட்டாவில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும் நேர்முகத் தேர்வுகளுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே தோற்றது நான்தான் என்று பல வருடம் நம்பினேன். உங்கள் தவறு எது, உங்கள்மேல் வந்து விழுந்தது எது என்று பிரித்து எழுதுங்கள். தண்ணீர் வரும் தெருவில் கடை வைத்தும் மெஷினைத் தரையிலேயே வைத்திருந்தது என் தவறு. அதை மூன்றாவது பத்திக்குக் கொண்டு போனேன், ஏனென்றால் அதைத் திருத்த முடியும்.

தாங்கிக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பதும் மூன்றாவது பத்தியில் வரும். அந்தப் புயலுக்கு அரசு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. வரிசையில் நிற்க வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தவர்களைப் பார்த்தேன். போய் நின்று வாங்குங்கள். மனு எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள்.

மனதில் இருப்பதை எழுதுவதே ஒரு மருந்து என்று சொல்லும் ஆராய்ச்சியும் உண்டு. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், தங்கள் மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய நாளில் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. அதனால் முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால், முறை தப்பு என்று விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் போனில் குரலைப் பதிந்து கேட்கலாம். என் அம்மா அப்படித்தான் செய்கிறார்.

4. கடனை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்

எங்கள் பக்கத்தில் எந்த வீழ்ச்சியானாலும் ஒரு மாதத்துக்குள் கடனாக மாறிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடன் இருட்டில் இருக்கும்போது பெரிதாகத் தெரியும். இன்னொரு தாளில் யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஐந்தும் எழுதுங்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் வைத்த பாக்கி, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று எதையும் விடாதீர்கள். எனக்கு மொத்தம் நாலு லட்சம் இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். எழுதிக் கூட்டினால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். தினமும் வசூலிக்கும் கடனான தண்டலையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் தினமும் அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அதோடு வங்கி நகைக்கடன் வட்டியை வைத்துப் பாருங்கள், எதை முதலில் அடைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதாக, அவர்கள் கூப்பிடும் முன் நீங்கள் கூப்பிடுங்கள். தேதி தாண்டிய பிறகு போனை எடுக்காமல் இருப்பவரைவிட, தேதிக்கு ஐந்து நாள் முன்பே பேசுபவருக்கு மரியாதை அதிகம். "சார், இந்த மாசம் முழுத் தவணை கட்ட முடியாது. இவ்வளவு கட்டறேன். மீதிக்கு நாள் மாத்தித் தர முடியுமா?" என்று கேளுங்கள். வங்கி என்றால் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களின் கடனை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கியின் வழிமுறைகளே இருக்கின்றன. எனக்கு மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள்.

வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. கடன் ஆப் வைத்திருப்பவர்கள் உங்கள் படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டினால் ஒரு பைசா அனுப்பாதீர்கள், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் இலவச சட்ட உதவி எண் 15100. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இந்த உதவி உண்டு.

இவ்வளவு எண்களையும் ஒரு மனவலிமைக் கட்டுரையில் ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த போன் மணி அடிக்காமல் இருந்தாலே பாதி மனவலிமை தானாக வந்துவிடும், அதை அனுபவித்துச் சொல்கிறேன்.

5. மீன்பிடித் தடைக்கால வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாள்களில் ஒரு காலை நேரம் காசிமேடு போய்ப் பாருங்கள். வருமானம் நின்றிருக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர் குறைவு. ஒரு பக்கம் வலையைப் பரப்பிக் கிழிந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் படகுக்குப் பெயின்ட் ஓடும். கடலில் இருக்கும்போது செய்ய முடியாத வேலைகள் எல்லாம் கரையில் நிற்கும்போதுதான் நடக்கும்.

உங்களுக்கு வலை எது என்று யோசியுங்கள். எனக்கு, மெஷின் பழுது பார்க்கக் கற்றுக்கொள்வது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குக்குக் கொடுத்த பணம் எவ்வளவு என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். வேலை போனவருக்கு, அனுபவச் சான்றிதழ்களை வாங்கி ஒழுங்குபடுத்துவது, டிரைவிங் லைசென்ஸ் எடுப்பது, டேலி கற்பது என்று ஏதாவது இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு வீட்டில் இடமில்லை என்றால், கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, அதே நேரத்தில். காலை ஆறரைக்கு நடை என்றால் மழை பெய்தாலும் ஆறரைக்கு வாசல் வரையாவது போய் வாருங்கள். 'மனசு வந்தா போவோம்' என்று விட்டால் போக மாட்டீர்கள். சோர்வுக்கு உளவியல் மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளில் ஒன்றே இதுதான். மனநிலையைப் பார்த்துச் செயலை முடிவு செய்யாமல், நேரத்தைப் பார்த்துச் செயலைத் தொடங்கச் சொல்வார்கள். மனநிலை பின்னாடியே வரும்.

தடைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. பெரிய விசைப்படகு நின்றாலும் கட்டுமரத்துக்கும் ஃபைபர் படகுக்கும் தடை இல்லை. கரையோரமாகப் போய்க் கொஞ்சம் கொண்டு வருவார்கள். நானும் ஆறு மாதம் ஸ்விக்கி ஓட்டினேன். மூலக்கடை சிக்னலில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கடை இல்லியா?" என்றார். "இருக்குண்ணே, ஜூன்ல தொறக்கறேன்" என்றேன். அதுவரை ஜூன் என்று நான் முடிவு செய்திருக்கவே இல்லை. சொன்ன பிறகு அது தேதியாகிவிட்டது.

பத்தாவது, பிளஸ் டூவில் தோற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு விஷயம். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். ரிசல்ட் வந்த அன்று மட்டும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லாதீர்கள். விண்ணப்பத் தேதியை மறுநாள் பார்க்கலாம்.

ஒருவரை இழந்த துக்கத்துக்கு மேலே சொன்ன படிகள் பொருந்தாது. அதற்குத் தாளும் இல்லை, தேதியும் இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், வந்தவர்கள் போய்விடுவார்கள், வீடு அதற்குப் பிறகுதான் வெறிச்சென்று ஆகும். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி நடந்திருந்தால் இரண்டாவது மாதம், மூன்றாவது மாதம் போய் உட்காருங்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

6. அடுத்த முறைக்கு

'பட்ட காலிலே படும்' என்பார்கள். அதில் விதி எதுவும் இல்லை. அடிபட்ட காலை நாம் நொண்டி இழுத்துக்கொண்டு நடக்கிறோம், அது எல்லாவற்றிலும் இடிக்கிறது. கையிருப்பு கரைந்திருக்கும், தூக்கம் குறைந்திருக்கும், பொறுமை போயிருக்கும். அதனால் இரண்டாவது அடி பலமாக விழும். எழுந்த முதல் ஆண்டிலேயே இதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், வீட்டின் உயரமான அலமாரியில். நகல்களை டிஜிலாக்கரிலும் போடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இல்லாவிட்டால் விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. கடைக்கு வெள்ளத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுக்க முடியும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் கடன் பகுதி இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

தினம் ஒரு சின்னத் தொகையை எடுத்து வையுங்கள், இருபது ரூபாயானாலும். மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு சேரும்வரை அதைத் தொடக் கூடாது, சீட்டிலும் போடக் கூடாது.

அந்த மூன்று பத்தித் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் முடிந்ததை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் எது இன்னும் உண்மை போலத் தோன்றுகிறது, எது இப்போது அப்படித் தோன்றவில்லை என்று பென்சிலால் குறியுங்கள். என் தாளில் 'மெஷினைத் தரையில் வைக்காதே' என்ற வரி ஐந்து மாதம் அடிபடாமல் இருந்தது. பிறகு கொருக்குப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் மூன்றடி உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்து வாங்கினேன். பைண்டிங் அண்ணன்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவைத்தார். பேப்பர் போடுவதற்கு இப்போது ஒரு ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருக்கிறது, அது மட்டும் கொஞ்சம் சிரமம்.